சொந்தக்காரர் தெரியாத ஃபைல்

உங்க மேனேஜர் அப்பிடி எழுதினா நீங்க அதுக்கு மன்னிச்சுக்குங்கன்னு பதில் போடறதாங்க அம்மிணி? போடாதீங்க. அழிங்க அதை.

இல்லீங்க, எட்டியெல்லாம் பார்க்கல. பக்கத்துல உட்கார்ந்திருக்கறேன், எழுத்தைப் பெருசா வச்சிருக்கறீங்க, கண்ணுல படுது. இப்ப போனைத் திருப்பிக்கிட்டீங்க, சரி. ரயில் சன்னல் கண்ணாடில தெரியுதே, அதுக்கு என்ன பண்ணுவீங்க? விடுங்க, படிக்கல.

நானும் கம்ப்யூட்டர் ஆளுதான். ஆனா உங்களையாட்டம் மெயில் போடற கம்ப்யூட்டர் இல்ல. பேரு நாச்சிமுத்து. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில டிரைவர் எழுதிட்டிருந்தேன். டிரைவர்னா வண்டி ஓட்டறதுன்னு நெனைச்சுக்காதீங்க. எங்க மாமனார் சாகற வரைக்கும் அப்பிடித்தான் நெனைச்சிட்டிருந்தாரு. மாப்பிள்ளை டிரைவரா இருக்கறாருன்னு ஒறம்பரை, சொந்தபந்தம்கிட்டயெல்லாம் சொல்லி வச்சிருந்தாரு. அது கெடக்குது.

ஒரு டிஸ்க்குல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சு மேல இருக்கற புரோகிராமுக்குச் சொல்றது யாரு? டிரைவர்தான். லினக்ஸ் மெஷின்ல எழுதின டிஸ்க்கைக் கழட்டிக் கொண்டாந்து விண்டோஸ்ல மாட்டுனீங்கன்னா அது முழிக்கும். முழிச்சிட்டு, ஃபார்மட் பண்ணிரட்டுமான்னு கேக்கும். தனக்குப் படிக்கத் தெரியாதாமா, அதனால அழிச்சிரலாமாங்குது. என்ன ஒரு புத்தி! அதுக்கு எழுத்தறிவிச்சு விடறதுதான் நம்ம டிரைவர். மாட்டுனா திறக்கும். அம்புட்டுதான்.

இதுல அனுமதின்னு ஒரு கெரகம் இருக்குதுங்க. லினக்ஸ்ல அது சுருக்கம். ஒரு ஃபைலுக்கு ஒரு சொந்தக்காரன், ஒரு குழு, பாக்கி எல்லாரும். படிக்கலாமா, எழுதலாமா, ஓட்டலாமா. முடிஞ்சுது பேச்சு. விண்டோஸ்காரன் அப்பிடி விடுவானா? கல்யாணப் பத்திரிகைல மாமன் மச்சான் பங்காளின்னு வரிசையா பேர் போடற மாதிரி ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பட்டியல். இவனுக்கு உண்டு, இவனுக்கு இல்ல, இவனுக்கு உண்டு ஆனா அழிக்கக் கூடாது, இவங்கப்பனுக்கு இருந்துச்சுன்னா இவனுக்கும் உண்டு. ஒருத்தனும் ஒழுங்கா படிச்சதில்ல அதை. எழுதினவனே படிச்சிருக்க மாட்டான்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல நாங்க உட்கார்ந்துக்கிட்டு, அங்க இருக்கறதை இங்க பொருத்தணும்.

அதுல என்ன சிக்கல்னாங்க, டிஸ்க்குல சொந்தக்காரனோட பேரு இருக்காது. நம்பர்தான் இருக்கும். ஆயிரத்து மூணுன்னு போட்டிருக்கும். அந்தப் பழைய மெஷின்ல ஆயிரத்து மூணுன்னா ஜெசிந்தா டீச்சர்னு ஒருத்தங்க. டிஸ்க்கை விண்டோஸ்ல கொண்டாந்து மாட்டுனா ஆயிரத்து மூணு யாரு? அதுக்குத் தெரியாது. டீச்சருக்கு அங்க வேற பேரு, வேற கணக்கு. இப்ப அந்த ஃபைலை யாருக்குத் திறந்து விடறது? இதாங்க கேள்வி. ஒரு சாதாரணக் கேள்வி. இதை வச்சுக்கிட்டு ஒரு மனுசன் பொழப்பையே கெடுத்துட்டாங்க.

அந்த முறுக்கு ஒண்ணு எடுத்துக்கறேனுங்க. காலைல சாப்பிடல.

கார்குழலின்னு ஒரு புள்ள. பேரைப் பாருங்க. அப்பன் தமிழ் வாத்தியாரு போல. நேர்ல பார்த்தீங்கன்னா முடியைக் கழுத்தோட வெட்டிட்டிருப்பா. ராஜபாளையம் பக்கம். எனக்குக் கீழ வேலைக்கு வந்தவ. வந்த நாள்ல இருந்து கேள்வி. நாலு பேரு உட்கார்ந்திருக்கற கூட்டத்துல எந்திரிச்சு, "சார், சொந்தக்காரர் யாருன்னு தெரியலைன்னா பூட்டியே வைக்கணும்"ங்கறா.

"பூட்டி?"ன்னேன்.

"அந்த ஆபீஸ்ல பொறுப்பா இருக்கறவங்க ஒருத்தர் வந்து, ஆயிரத்து மூணு இன்னாருன்னு சொல்லட்டும். சொன்னப்புறம் அவங்களுக்கு மட்டும் திறக்கலாம்."

நான் சிரிச்சிட்டேன். "ஏம்மா, காசு குடுத்து வாங்கறவன் டிஸ்க்கை மாட்டுறான். அனுமதி இல்லைன்னு வருது. அவன் என்ன நெனைப்பான்? உன் கொள்கையைப் பாராட்டிக் கை தட்டுவானா? டிரைவர் ஓட்டைன்னு திட்டிட்டுத் திருப்பி அனுப்புவான். யாருக்குன்னு தெரியலையா, எல்லாருக்கும் திறந்து விடு."

"அது நம்ம ஃபைல் இல்லீங்களே சார்."

"நம்ம டிரைவர்தானே?"

எல்லாரும் சிரிச்சாங்க. பிரதீபன்னு எங்க மேனேஜர், எம் பையன் வயசு, அவனும் சிரிச்சான். இப்ப கேட்டீங்கன்னா சிரிக்கலைம்பான். அந்தப் புள்ள மட்டும் சிரிக்கல. பேப்பர்ல என்னமோ எழுதிட்டு உட்கார்ந்துட்டா. அப்பறம் தனியா எங்கிட்ட வந்து, "குறைஞ்சது ஒரு எச்சரிக்கையாவது காட்டலாம் சார், இதை எல்லாரும் பார்க்க முடியும்னு"ன்னா. எச்சரிக்கை போட்டா பயப்படுவாங்கன்னு சொல்லிட்டேன். சனங்களைப் பயமுறுத்தறதுக்கா நாம டிரைவர் எழுதறோம்?

இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாமே பூட்டணுங்க. போனுக்குப் பூட்டு, பூட்டுக்கு மேல இன்னொரு பூட்டு. எங்க வீட்டுல ஒரு ரூமுக்கும் தாப்பா கெடையாது தெரியுமா? எம் பொண்ணு பத்தாவது படிக்கறப்ப உள்ள தாப்பா போட்டுட்டு உட்கார்ந்திருந்தா. என்ன ரகசியம் அப்பிடி? அன்னிக்கே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாந்து எல்லாக் கதவுலயும் கழட்டிட்டேன். ஒளிவு மறைவு இல்லாத குடும்பம். இப்ப அவ பெங்களூர்ல இருக்கா. வர்றதில்ல. வேலை அதிகம் போல.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

ஈரோட்டுல ஒரு டிரஸ்ட்டுங்க. புருசன் அடிச்சான், மாமியா கொடுமைன்னு வர்ற பொம்பளைங்களுக்குப் பேசி, எடம் பார்த்து, வேலை வாங்கிக் குடுக்கறது. அதை நடத்தறவங்கதான் நான் சொன்ன ஜெசிந்தா டீச்சர். பள்ளிக்கூடத்துல இருந்து ரிட்டயர் ஆனவங்க. அவியகிட்ட ஒரு பழைய லினக்ஸ் மெஷின் இருந்துச்சு. யார் யாரு வந்தாங்க, என்ன சொன்னாங்க, இப்ப எங்க தங்க வச்சிருக்குதுன்னு எல்லாம் அதுல. டீச்சரோடது டீச்சருக்கு மட்டும் திறக்கும், இன்னொரு அம்மாவோடது அந்த அம்மாவுக்கு மட்டும். ஆபீஸ்ல டைப் அடிக்கற ஆளுக்குக் கடுதாசி அடிக்கற ஃபோல்டர் மட்டும். எவனோ புண்ணியவான் நல்லாத்தான் பண்ணிக் குடுத்திருக்கறான். மெஷின் செத்துப் போச்சு. டிஸ்க்கு நல்லா இருந்துச்சு. புதுசா விண்டோஸ் மெஷின் வாங்கி, எங்க டிரைவரைப் போட்டு, டிஸ்க்கை மாட்டுனாங்க.

எப்பிடித் திறந்துச்சுங்கறீங்க! வெண்ணெய் மாதிரி. டீச்சரே போன் பண்ணி நன்றி சொன்னாங்க. எங்கிட்டதான் சொன்னாங்க, கார்குழலிகிட்ட இல்ல.

அந்த டைப் அடிக்கறவன் இருக்கறானே, அவனுக்கும் திறந்துச்சு. திறக்கத்தானே செய்யும். அவன் சும்மா இருக்காம அங்க ஒரு பொண்ணோட பேரைத் தேடியிருக்கறான். அந்தப் பொண்ணோட புருசன் இவனுக்கு பெரியப்பன் மகனாம். சேலத்துக்காரன், லாரி புரோக்கர். பொண்டாட்டி புள்ளையைத் தூக்கிட்டு எங்கயோ போயிட்டான்னு ஊரெல்லாம் தேடிட்டிருந்திருக்கறான். இவன் பார்த்துச் சொல்லிட்டான், திருப்பூர்ல இன்ன பனியன் கம்பெனி, இன்ன விடுதின்னு.

புருசன்காரன் பட்டப் பகல்ல போய், சாப்பாட்டுக்கு வெளிய வந்தவளை ரோட்டுல வச்சுப் புடிச்சுட்டான்.

பெருசா ஒண்ணும் ஆகலீங்க. மணிக்கட்டுதான். முறுக்கிட்டான் போல. கட்டுப் போட்டாங்க, சேர்ந்துக்கிச்சு. முன்ன மாதிரி தையல் மெஷின்ல உட்கார முடியலைங்கறாங்க. கூட இருந்த பொம்பளைங்க கூடிக் கத்தினதுல அவன் ஓடிட்டான். அப்பறம் புடிச்சாங்க. இப்ப பெயில்ல வெளிய வந்துட்டான்.

நான் கேக்கறேன் அம்மிணி, இதுல டிரைவர் என்ன பண்ணுச்சு? கையை முறுக்கினது புருசன். காட்டிக் குடுத்தது டைப் அடிக்கறவன். அவனை வேலைக்கு வச்சது டீச்சர். வரிசையா இத்தனை பேரு நிக்கறாங்க, கடைசில எம் மேல வந்து விழுகுது. நான் எங்க வந்தேன் அதுல?

டீச்சர் அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு எங்க ஆபீசுக்கு வந்துட்டாங்க. கையில கட்டோட. பிரதீபனுக்கு முகம் வெளுத்துப் போச்சு. காப்பி வேணுமாங்கறான், ஏசி அதிகமா இருக்குதாங்கறான். நான்தான் பேசினேன். யாராவது ஒருத்தர் தெளிவாப் பேசணுமில்ல? போர்டுல படம் போட்டேன். சொந்தக்காரன், குழு, மத்தவங்க. இந்தப் பக்கம் லினக்ஸ், இந்தப் பக்கம் விண்டோஸ். ஆயிரத்து மூணு எப்பிடி அநாதையாகுதுன்னு. ஒரு காலேஜ்ல கூட இத்தனை நல்லா சொல்லித் தர மாட்டாங்க. அந்தப் பொண்ணு போர்டைப் பார்க்கவே இல்ல. என்னையே பார்த்துட்டிருந்துச்சு. ஒரு எழவும் புரிஞ்சிருக்காது.

எல்லாம் முடிச்சப்பறம், "இப்ப மூடியாச்சுங்களா?"ன்னு கேட்டுச்சு.

அவ்வளவுதான் கேட்டுச்சு. இத்தனை சொன்னதுக்கு.

"இதெல்லாம் உடனே மாத்தற விசயமில்லம்மா. அடுத்த வெர்ஷன்ல பரிசீலனை பண்ணுவோம்"னேன். ஒழுங்கான பதில்தானே?

பின்னால இருந்து ஒரு குரல். "மூடியாச்சுக்கா."

கார்குழலிதான். அந்தப் பொண்ணு அவளைத் திரும்பிப் பார்த்துச்சு.

"சேதி தெரிஞ்ச அன்னைக்கே மாத்திட்டேன். டீச்சர் மெஷின்ல போன வாரமே போட்டுட்டேன். இப்ப டீச்சருக்கு மட்டும்தான் திறக்கும். வேற யாரு கேட்டாலும் திறக்காது. எனக்கும் திறக்காது"ன்னு சொல்லிட்டே வந்து, அது முன்னால தரைல குந்த வச்சு உட்கார்ந்துட்டா. ஆபீஸ்ல, பேன்ட்டு சட்டை போட்டுட்டு, தரைல! அந்தப் பொண்ணு அப்பத்தாங்க அழுதுச்சு. அதுவரைக்கும் அழுகல. கட்டுப் போடாத கையால இவ தோளைப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. டீச்சரும் கண்ணைத் தொடைக்கறாங்க. பிரதீபன் வெளிய போயிட்டான்.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்னு ஒருத்தராவது யோசிச்சாங்களா?

அது எங்க டிரைவருங்க! நான் எழுதினது. என் எழுத்துல கை வைக்கறதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? அனுமதி வாங்கினாளா? "எம் முடிவை மாத்தறதுக்கு உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"ன்னு அவியெல்லாம் போனப்பறம் கேட்டேன்.

"உங்க போனுக்கு எட்டுத் தடவை கூப்பிட்டேன் சார். நீங்க எடுக்கல"ங்கறா.

நான் லீவுல இருந்தேன். லீவுல இருக்கற மனுசனைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஒரு நாகரிகம் வேணுமில்ல? எடுக்கலைன்னா காத்திருக்கணும். எடுக்கலைன்னா நீயா உள்ள பூந்துருவியா?

இதைத்தான் நான் பிரதீபன்கிட்ட எடுத்துச் சொன்னேன். அவன் கேக்கல. "அந்தப் பொண்ணு பண்ணினது சரிங்க அண்ணா"ன்னான். அண்ணாவாம். நான் விடுவேனா? எது நல்ல டிரைவர்னு எல்லாருக்கும் முன்னால காட்டறேன்னு சொன்னேன்.

டீச்சர் அந்த டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்துக் குடுத்திருந்தாங்க. மாத்தினது சரியா மூடுதான்னு அப்பப்ப சோதிச்சுப் பார்க்கறதுக்கு. கார்குழலி அதை அவ மேஜை டிராயர்ல வச்சிருந்தா. அன்னிக்குப் பூட்டல. பூட்டாததை எடுத்தா திருட்டாங்க? கம்பெனி மேஜை, கம்பெனி டிராயர். எடுத்தேன். மாசக் கூட்டம் நடக்குது, விக்கறவங்க, கணக்குப் பார்க்கறவங்க, அத்தனை பேரும் இருக்கறாங்க. முதல்ல அவ டிரைவரைப் போட்டு மாட்டினேன். செவுத்துல பெருசா வருது, அனுமதி இல்லை. எல்லாரும் பார்த்தாங்க. அப்பறம் என்னோட பழசைப் போட்டு மாட்டினேன்.

திறந்துச்சுங்க. ஒரே நொடி. அத்தனையும். ஜெசிந்தா டீச்சரோட ஃபோல்டர், உள்ள ஒவ்வொருத்தி பேருலயும் ஒரு ஃபைல். நான் மேல இருந்த ஒண்ணைத் தட்டினேன். தற்செயலா அது அந்தப் பொண்ணோடது. போட்டோ, கைக்கு எடுத்த எக்ஸ்ரே, புதுசா எங்க கொண்டு போய் வச்சிருக்குது எல்லாம் செவுத்துல தெரியுது. "இப்பச் சொல்லுங்க, எது வேலை செய்யுது? எதை நீங்க விப்பீங்க?"ன்னு கேட்டேன்.

ஒரு கணக்குப் புள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பிரதீபன், "அண்ணா, நிறுத்துங்க"ங்கறான். நான் கீழ இறக்கிக் காட்டறேன், அடுத்த பக்கமும் வருது பாருங்கன்னு. கார்குழலி எந்திரிச்சு வந்தா. புரொஜக்டர் வயரைப் புடுங்கிட்டா. புடுங்கிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க... நான் என்னமோ அந்த லாரி புரோக்கர் மாதிரி. கைய நீட்டறா. டிஸ்க்கைக் குடுங்கன்னு சொல்லக்கூட இல்ல, சும்மா கைய நீட்டிட்டு நிக்கறா. குடுத்துட்டேன். அத்தனை பேர் முன்னால என்ன பண்றது?

மறுநாள் ஆபீஸ் போய் மெஷினைத் திறக்கறேன், அனுமதி இல்லைங்குது. என் மெஷின். நான் எழுதினதை நானே பார்க்க முடியல. ஆள் எடுக்கற பிரிவுல ஒரு அம்மா உட்கார்ந்திருக்கறாங்க, சிரிச்ச முகமா, "உங்க அனுமதி எல்லாம் எடுத்தாச்சு சார்"ங்கறாங்க. யாரைக் கேட்டு எடுத்தீங்கன்னேன். அந்த அம்மாவுக்கு அந்தக் கேள்வியே வெளங்கல. டிரஸ்ட்டுல வழக்குப் போடாம இருக்கறதே பெருசுன்னாங்க. கௌரவமா எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்கன்னாங்க. எழுதிக் குடுத்தேன். என்ன, போயிட்டா டிரைவர் எழுதாம போயிருவேனா?

சென்னைல ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்குதுங்க. அங்கதான் போறேன். ஆஸ்பத்திரிகளோட பழைய டிஸ்க்கெல்லாம் புது மெஷினுக்கு மாத்தறாங்களாமா. நோயாளிங்க விவரம், யாருக்கு என்ன சீக்கு எல்லாம். மாட்டுனா திறக்கணும், தடையே இருக்கக் கூடாது, அப்பிடி ஒரு அனுபவஸ்தர் வேணும்னாங்க. போன்லயே முக்கால்வாசி முடிஞ்சாப்பல. தெறமை இருக்கறவனை ஒருத்தன் இல்லாட்டி ஒருத்தன் கண்டுபுடிச்சுருவானுங்க.

வாணியம்பாடி தாண்டியாச்சுங்களா? அப்ப அடுத்து ஆம்பூர்தான்.

அந்தப் பொண்ணு ஒண்ணும் கெட்டுப் போயிரலீங்க, நல்லாத்தான் இருக்கா. எல்லாரும் நான் என்னமோ அவ வாழ்க்கையையே அழிச்சுட்டாப்பல பேசறாங்க. நான் செவுத்துல பார்த்தேனே. இங்க ஆம்பூர்லதான் வச்சிருக்கறாங்க. ஷூ கம்பெனில பேக்கிங் பிரிவு. கைக்குச் சிரமமில்லாத வேலை. மக இங்கயே பள்ளிக்கூடம் போகுது. பேரு கூடக் கோகிலவாணிங்க, புதுக் கம்பெனில வாணின்னு மட்டும் சொல்லி வச்சிருக்கறாங்க. விடுதி ரயில்ல இருந்தே தெரியுமாமா. தண்ணித் தொட்டிக்குப் பின்னால, மாடிப்படி வெளிய இருக்கற பச்சைக் கட்டடம்னு டீச்சர் அத்தனை தெளிவா எழுதியிருந்தாங்க.

எதுக்குங்க மெதுவாப் பேசச் சொல்றீங்க? இதுல என்ன இருக்குது? நல்லா இருக்கான்னுதானே சொல்றேன். நீங்க யாருகிட்டப் போய்ச் சொல்லப் போறீங்க? இந்தப் பெட்டில இருக்கறவங்களுக்கு அவளைத் தெரியவா போகுது?

ஏனுங்க, எதிர்ல இருக்கறவரே, சேலத்துல ஏறினீங்களே, காதுல இருந்ததைக் கழட்டிட்டு எட்டி எட்டிப் பார்க்கறீங்க? அந்தப் பச்சைக் கட்டடம் அந்தப் பக்கம் தெரியாதுங்க, இந்தப் பக்கம்தான் வரும். வாங்க, வாங்க, இப்பிடி வந்து சன்னலோரமா உட்காருங்க. எடமிருக்குது. அம்மிணி சித்தெ தள்ளி உட்கார்ந்துக்குவாங்க.